அரிசியை ஊறப்போடு

என் கணவருக்கு வேலை சலாலா துறைமுகத்தை ஒட்டிய ரெய்சூத்தில், ஒரு ஷிப் சாண்ட்லர் கம்பெனியில். வந்து நிற்கிற கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, முட்டை, சோப்பு, கயிறு என்று கேட்டதையெல்லாம் ஏற்றிவிடுகிற தொழில். சாமான் பட்டியலைப் பார்த்தே உள்ளே இருப்பது எந்த நாட்டுக்காரர்கள் என்று சொல்லிவிடுவார். 2011-ல் ஒருநாள் மதியம் போன் செய்தார். "முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை எல்லாம் கேட்டிருக்காங்க. நம்ம நேவி கப்பல்" என்றார். குரலில் அப்படி ஒரு குதூகலம்.

நாங்கள் ஓமானுக்கு வந்து அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது. தலைநகர் மஸ்கட்டிலிருந்து சலாலா ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தெற்கே, ஏமன் பக்கம் இருக்கிறது. தென்னை, வாழை, பப்பாளி, சாலையோரத்தில் இளநீர்க் கடை என்று பார்ப்பதற்கு நாகர்கோவில் மாதிரியே இருக்கும். நடுவில் ஒட்டகம் நடந்து போவதுதான் வித்தியாசம்.

சோமாலியக் கடற்கொள்ளையர்களைத் தடுக்க 2008 அக்டோபரில் இந்தியக் கடற்படை ஏடன் வளைகுடாவில் ரோந்து தொடங்கியது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் நம் போர்க்கப்பல் ஒன்றாவது இருந்துகொண்டே இருக்கிறது. வணிகக் கப்பல்கள் பத்திரமாகப் போவதற்கென்று அந்த வளைகுடாவில் 490 கடல் மைல் நீளத்துக்கு ஒரு பாதை குறித்திருக்கிறார்கள். அதில் கப்பல்களுக்குத் துணையாகப் போவது, திரும்புவது, மறுபடி போவது. இப்படியே வாரக்கணக்கில் ஓடும். எண்ணெயும் காய்கறியும் தீர்ந்தால் கரைக்கு வர வேண்டுமே, அதற்குத் தோதான துறைமுகங்களில் சலாலாவும் ஒன்று. இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் நிற்கும். 'ஓ.டி.ஆர்.' என்று அதற்கு அவர்கள் பாஷையில் பெயர். பாதிப் பேர் கப்பலில் காவலும் வேலையுமாக இருக்க, மீதிப் பேருக்குச் சில மணி நேரம் வெளியே போக அனுமதி கிடைக்கும். அதுதான் 'லிபர்ட்டி'.

அந்தச் சில மணி நேரத்தை நாங்கள் முதல் தடவை எப்படி வீணடித்தோம் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

விஷயம் பரவியதும் இங்குள்ள இந்தியர்கள் சேர்ந்து ஒரு மண்டபம் பிடித்தோம். பிளெக்ஸ் அடித்தோம். வாசலில் ஆரத்தி, நெற்றியில் திலகம், கழுத்தில் மாலை. நாற்பது பேர் பேருந்தில் வந்து இறங்கினார்கள். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் ஷூ, எல்லோருக்கும் இருபதிலிருந்து முப்பதுக்குள் வயது. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை. சிறுமிகளின் நடனம். பிறகு ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொருவருக்கும் ஒரு புகைப்படம். வெள்ளைத் துணி கட்டிய நாற்காலிகளில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து அவ்வளவுக்கும் கைதட்டினார்கள் பாவம். அவர்களுக்கு மொத்தம் ஐந்து மணி நேரம்தான் அனுமதி. அதில் மூன்று மணி நேரம் எங்கள் பேச்சுக்கே போய்விட்டது.

பிரியாணி பரிமாறும்போது ஒரு பையன் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான். "அக்கா, இங்க எங்கயாவது தரையில காலை நீட்டி உட்காரலாமா?"

மண்டபத்தின் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை இருந்தது. அங்கே ஜமுக்காளத்தை விரித்துக் கொடுத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவன் பத்தே நிமிடத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டான். அவனைத் தேடி வந்த இன்னும் மூன்று பேர் அவன் பக்கத்தில் படுத்தார்கள். மேடையில் அப்போது யாரோ தேசத்தின் காவல் தெய்வங்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். காவல் தெய்வங்கள் பின்கட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தன.

அடுத்த கப்பல் வந்தபோது நானும் கணவரும் முடிவெடுத்தோம். மண்டபம் நடத்துகிறவர்கள் நடத்தட்டும், நாம் வீட்டுக்கு ஐந்தாறு பேரைக் கூப்பிடுவோம்.

கூப்பிடுவது அவ்வளவு சுலபமில்லை. துறைமுக வாசலில் நின்று "வாங்க தம்பி, சாப்பிடலாம்" என்று காரில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. போகவும் கூடாது. வெளிநாட்டுத் துறைமுகத்தில் முன்பின் தெரியாத ஒருவர் ராணுவத்தாரோடு பழக வருகிறார் என்றால் கப்பலில் இருப்பவர்கள் சந்தேகப்படத்தான் வேண்டும், அது அவர்கள் வேலை. என் கணவருக்கு வேலை நிமித்தமாகக் கப்பலின் சாமான் பொறுப்பு அதிகாரியைத் தெரியும். அவரிடம் கேட்டோம், அவர் மேலே கேட்டார். எங்கள் பதாக்கா (இங்கே குடியிருப்பு அட்டைக்கு எல்லோரும் சொல்கிற பெயர்) நகல், வீடு இருக்கும் இடம், போன் நம்பர், கார் நம்பர் எல்லாம் கொடுத்தோம். மறுநாள்தான் சரி என்று பதில் வந்தது. அப்படி வழி இல்லாதவர்கள் தூதரகம் மூலமாகவோ, ஊரில் உள்ள இந்தியச் சங்கம் மூலமாகவோ கேட்கலாம். பதில் 'வேண்டாம்' என்று வந்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்களுக்கே மூன்று முறை வேண்டாம் என்று வந்திருக்கிறது. காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அவர்கள் தனியாக வர மாட்டார்கள், இரண்டு மூன்று பேராகத்தான் வெளியே விடுவார்கள். தமிழ்ப் பையன் ஒருவன் வருகிறான் என்றால் கூடவே ஹரியானாக்காரனோ பீகார்க்காரனோ ஒருவன் வருவான். அவனுக்கும் சேர்த்துத்தான் சமைக்க வேண்டும். இதைத் தெரியாமல் முதல் முறை நான் புளிக்குழம்பும் கருவாடும் வைத்துவிட்டேன். ஹரியானாப் பையன் சைவம். வெறும் சோற்றில் தயிரை ஊற்றிக்கொண்டு, "பஹுத் அச்சா" என்று சிரித்தான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வேறு என்ன வேண்டும் என்று பக்கத்து வீட்டுச் சேச்சியை விட்டு இந்தியில் கேட்கச் சொன்னால், அவன் கூச்சத்தோடு கேட்டது ஒரு டம்ளர் பால். காய்ச்சிய பால், சர்க்கரை இல்லாமல். கப்பலில் பால் என்றால் பெட்டிப் பாலோ பொடியோதான் என்றான். அரை லிட்டர் குடித்தான்.

சாப்பாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். கறி, பிரியாணி, பிரெட் அல்வா என்று கல்யாண விருந்து மாதிரி ஆக்கி வைக்கிறோம். கப்பலில் அதற்குக் குறைவே கிடையாது. கோழி தினமும் உண்டு, விசேஷம் என்றால் 'படாகானா' என்று எல்லோருமாக உட்கார்ந்து பெரிய விருந்தே சாப்பிடுவார்கள். அங்கே கிடைக்காதது புதிதாகப் பறித்த கீரை, அப்போது வைத்த ரசம், ஆவி பறக்கும் இட்லி. நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே அடுப்பில் சமைக்கிற இடத்தில், கப்பல் ஆடுகிற ஆட்டத்தில், ஒரு தாளிப்பு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கரைக்கு வந்த முதல் நாள் வயிறும் சரியாக இருக்காது. அதனால் இப்போதெல்லாம் என் பட்டியல் இவ்வளவுதான்: இட்லி, தேங்காய்ச் சட்னி, முருங்கைக்காய் சாம்பார், மிளகு ரசம், ஒரு கீரை, அப்பளம், மோர். வடநாட்டுப் பையன்களுக்குச் சப்பாத்தியும் பருப்பும். யாராவது மீன் கேட்டால் சலாலாவில் மீனுக்கா பஞ்சம். ஆனால் அதிகம் பேர் கேட்பதில்லை. "வேணாங்க்கா, அதப் பாத்துக்கிட்டேதான இருக்கோம்" என்றான் ஒருவன்.

பரிமாறும்போது "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று நம் வழக்கப்படி வற்புறுத்துவதையும் நிறுத்திவிட்டேன். அவர்கள் மறுக்கத் தெரியாத பிள்ளைகள். மேலே இருப்பவர் சொன்னால் செய்துதான் பழக்கம். ஒருவன் பதினான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுத் திணறியதை என் மாமியார் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்கு அது பெருமையாகப் படவில்லை. பாத்திரங்களை நடுவில் வைத்துவிட்டு நான் அடுக்களைக்குப் போய்விடுகிறேன். வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

சாப்பாட்டுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. குளியல்.

இது எனக்குத் தோன்றியதே இல்லை. 2013-ல் வந்தவன், ராமநாதபுரம் உச்சிப்புளிப் பக்கத்துப் பையன், கை கழுவப் போன இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டே இருந்தான். என்ன தம்பி என்றேன். "ஒண்ணுமில்லக்கா, தண்ணி ஊத்துதுல்ல, பாத்துக்கிட்டிருக்கேன்" என்றான். சுற்றிலும் கடல் இருந்தாலும் குளிக்கிற தண்ணீரைக் கப்பலிலேயே உப்பு நீக்கித்தான் எடுக்க வேண்டும், அதை அளந்துதான் செலவழிக்க வேண்டும். உடனே அவனுக்கு வாளியும் சொம்பும் கொடுத்து, ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தான், முகமே மாறியிருந்தது. அதிலிருந்து யார் வந்தாலும் முதலில் துண்டு, சீயக்காய், வாளி. குளியலறையில் பிளாஸ்டிக் முக்காலி ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். பல நாள் கடலில் இருந்து இறங்கியவர்களுக்கு முதல் சில மணி நேரம் தரை ஆடுவது மாதிரியே இருக்கும். கண்ணை மூடித் தலைக்குச் சோப்புப் போட்டால் தள்ளாடும். ஒருவன் கதவைப் பிடித்துக்கொண்டு சமாளித்ததைப் பார்த்த பிறகுதான் முக்காலி வந்தது. கிண்ண எண்ணெயை மட்டும் குளியலறைக்கு வெளியிலேயே தேய்த்துக்கொள்ளச் சொல்கிறேன், தரை வழுக்கும்.

குளித்துச் சாப்பிட்டால் தூக்கம் வரும், வரட்டும். கப்பலில் நான்கு மணி நேரம் வேலை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி நடுராத்திரியில் எழுப்பல் என்று தூக்கத்தைத் துண்டு துண்டாகத்தான் கொடுப்பார்கள். ஆரம்பத்தில் நாங்கள் இவர்களை முக்ஸைலுக்குக் கூட்டிப்போனோம். பாறை ஓட்டைகளில் கடல்நீர் பீய்ச்சியடிக்கிற இடம், சலாலா வருகிற எல்லோரும் பார்க்கிற இடம். இரண்டு மாதமாகக் கடலையே பார்த்துக்கொண்டிருப்பவர்களைக் கடல் பார்க்கக் கூட்டிப்போன புத்திசாலிகள் நாங்கள்! இப்போது எங்கள் வீட்டில் ஓர் அறைக்குக் கனமான திரைச்சீலை போட்டு, பாய்களைச் சுருட்டி வைத்திருக்கிறோம். எங்காவது போக வேண்டும் என்று அவர்களாகக் கேட்டால் மலைப்பக்கம் போவோம். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை இங்கே கரீஃப் பருவம், சாரலும் பனியுமாக மலை முழுக்கப் பச்சை பிடித்திருக்கும். அய்ன் ரஸாத் ஊற்றுப் பக்கம் மரத்தடியில் உட்கார்ந்து இளநீர் குடிப்பார்கள், அவ்வளவுதான்.

அப்படிப் போன ஒரு கரீஃபில்தான் எங்களால் ஒரு பையனுக்குக் கெட்ட பெயர் வந்தது. மலையிலிருந்து இறங்கும்போது பனிமூட்டம், முன்னால் போகிற காரின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. வளைகுடா நாடுகளிலிருந்து சாரல் பார்க்க வந்தவர்களின் கார்கள் வரிசையாக நிற்க, நடுவில் ஓர் ஒட்டகக் கூட்டம் சாவகாசமாகச் சாலையைக் கடந்தது. துறைமுக வாசலுக்கு வந்தபோது பதினெட்டு நிமிடம் தாமதம். என் கணவர் இறங்கிப் போய்த் தப்பு எங்களுடையது என்று சொன்னார். கேட்டுக்கொண்டார்கள், ஆனால் அந்தப் பையனுக்கு மறுநாள் லிபர்ட்டி ரத்து. நேரம் தாண்டித் திரும்புவதற்கு அவர்கள் சொல்கிற வார்த்தை 'அட்ரிஃப்ட்'. நமக்குப் பதினெட்டு நிமிடம் பெரிய விஷயமில்லை, அவர்களுடைய பதிவேட்டில் அது ஏறிவிடும். அன்றிலிருந்து அவர்கள் சொல்கிற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வாசலில் இறக்கிவிடுவது என்று வைத்துக்கொண்டோம். மிச்ச நேரம் அங்கே வெளியே டீக்கடையில் உட்காரட்டும். இப்போது கரீஃபில் மலைப்பக்கம் கிடையவே கிடையாது, மற்ற மாதங்களில்தான்.

போன் விஷயம் தனிக் கதை. முன்பெல்லாம் பையன்கள் கையில் போன் இருக்கும், சிம் கார்டு மட்டும் கேட்பார்கள். உளவாளிகள் சமூக வலைத்தளம் வழியாகக் கடற்படைப் பையன்களை வளைத்த வழக்கு வெளியானதும், 2019 டிசம்பரில் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் பேஸ்புக்குக்கும் தடை வந்தது. அப்புறம் வந்தவர்கள் பலர் வெறுங்கையோடு வந்தார்கள். எங்கள் போனைக் கொடுத்தோம். ஊருக்கு வாட்ஸப்பில் அழைத்தால் போகவில்லை. ஓமானில் வாட்ஸப் செய்தி போகும், அழைப்பு போகாது. இங்கே இருக்கிறவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி, வந்தவர்களுக்குத் தெரியாது. எங்கே கோளாறு என்று தேடியதில் அரை மணி நேரம் போயிற்று. இப்போது கூகுள் மீட் தயாராக வைத்திருக்கிறோம். பையன் வருவதற்கு முன்பே அவன் வீட்டில் யாருக்காவது அதை இறக்கி வைக்கச் சொல்லிவிடுகிறோம். அதுவும் சரிப்படாவிட்டால் சாதாரண அழைப்புதான். காசு ஆகும், ஆகட்டும்.

யாரும் சொல்லாத ஒன்று இங்கே உண்டு. வீட்டுக்குப் பேசினால் மனசு லேசாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். பாதி நேரம் நேர்மாறாகத்தான் நடக்கிறது. உச்சிப்புளிப் பையன் ஊருக்குப் பேசினான். நான் அடுக்களையில் இருந்தேன், காதில் விழத்தான் செய்தது. சித்தப்பா வரப்பை வெட்டி வேலி போட்டுவிட்டாராம். அண்ணன் எடுத்த கடனுக்கு இரண்டு தவணை பாக்கியாம். "நீ அங்க ஜாலியா ஊர் சுத்துற, இங்க நாங்க கிடந்து சாகுறோம்" என்று அண்ணி. இருபது நிமிடமும் இதுதான். போனை வைத்துவிட்டு, "கப்பல்லயே இருந்திருக்கலாம்க்கா" என்றான். அன்று நாங்கள் செய்த முட்டாள்தனம், எல்லாம் முடிந்து கிளம்புகிற நேரத்தில் போனைக் கொடுத்தது. அந்தச் சண்டையையும் சுமந்துகொண்டே அவன் கப்பல் ஏறினான். அடுத்த பத்து நாள் நடுக்கடலில் அதை மென்றுகொண்டிருந்திருப்பான். அதற்குப் பிறகு வரிசையை மாற்றிவிட்டோம். வந்ததும் முதலில் போன். அப்புறம் குளியல், அப்புறம் சோறு, அப்புறம் தூக்கம். சண்டை என்றாலும் ஆறுவதற்கு நான்கு மணி நேரம் இருக்கிறது. தூங்கி எழுந்த பிறகு இன்னொரு முறை பேச வேண்டும் போல இருந்தால் பேசட்டும். இரண்டாவது அழைப்பில் பெரும்பாலும் அம்மாக்கள்தான் பேசுகிறார்கள், குரல் தணிந்திருக்கும்.

பேசும்போது அறைக்கதவைச் சாத்திவிட்டு நாங்கள் வெளியே வந்துவிடுவோம். அந்த அம்மாக்களில் சிலர் பிறகு என்னிடம் தனியாகப் பேசுவதும் உண்டு. "எங்க இருக்கான்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறான், நீயாவது சொல்லும்மா" என்பார்கள். நல்லா சாப்பிட்டான், நல்லா தூங்கினான் என்று மட்டும் சொல்வேன். அவன் சொல்லாததை நான் சொல்வது சரியில்லையே.

கேட்கக் கூடாததைக் கேட்பதற்கென்றே எல்லா ஊரிலும் ஒரு மாமா இருப்பார். எங்கள் தெருவிலும் இருக்கிறார். கப்பல் எங்கே போகிறது, எப்போது கிளம்புகிறது, என்ன பீரங்கி, எத்தனை பேரைச் சுட்டீர்கள். 2023 டிசம்பருக்குப் பிறகு செங்கடல் பக்கம் வணிகக் கப்பல்கள் மேல் தாக்குதல் நடந்தபோது அவர் கேள்விகள் இரண்டு மடங்காகிவிட்டன. அந்தக் குளிர்காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட நம் போர்க்கப்பல்கள் அரபிக்கடலில் நின்றன. 2024 மார்ச்சில் ஐ.என்.எஸ். கொல்கத்தா, கடத்தப்பட்ட 'ரூயன்' கப்பலைத் துரத்தி, 40 மணி நேரம் போராடி, கொள்ளையர் 35 பேரைச் சரணடைய வைத்து, கப்பலின் ஊழியர் 17 பேரை மீட்டது. தொலைக்காட்சியில் அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது வீட்டுக்கு வந்திருந்தவர்கள் வேறு கப்பல்காரர்கள். மாமா விடவில்லை, "பயமா இருந்துச்சா தம்பி?" என்றார். அந்தப் பையன் சிரித்து, "எங்க சீஃப் குக் வைக்கிற சாம்பாரத் தவிர வேற எதுக்கும் பயமில்ல சார்" என்றான். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தொலைக்காட்சியை அணைத்தேன். மாமாவுக்கு இப்போது சொல்லி அனுப்புவதில்லை.

அவர்களாகப் பேசினால் கேட்போம். பெரும்பாலும் பேசுவது எஞ்சின் அறைச் சூட்டைப் பற்றி, ராத்திரி தளத்தில் வந்து விழுகிற பறக்கும் மீன்களைப் பற்றி, ஒடிசாவில் சில்கா பயிற்சித் தளத்தில் முதல் மாதம் இந்தி புரியாமல் முழித்ததைப் பற்றி.

புகைப்படத்திலும் ஒரு முறை மாட்டிக்கொண்டோம். என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. 'எங்கள் வீட்டில் நேவி அண்ணன்கள்' என்று படம் போட்டுவிட்டாள், ஒருவன் தொப்பியில் கப்பல் பெயர் தெளிவாகத் தெரிந்தது. ராத்திரி பத்து மணிக்கு அவர்களில் மூத்தவர், ஒரு பெட்டி ஆபீசர், கப்பல் அதிகாரியின் போனிலிருந்து அழைத்தார். திட்டவில்லை. "தங்கச்சிகிட்ட சொல்லி அத எடுத்துடச் சொல்லுங்க அக்கா. நாங்க எங்க நிக்கிறோம்னு யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். மகள் அழுதுவிட்டாள். இப்போது வாசலில் ஒரு கூடை இருக்கிறது, எங்கள் வீட்டு ஆட்கள் போன் எல்லாம் அதில். ஊருக்குப் பேசுகிற போன் ஒன்றுதான் வெளியே.

இன்னொன்று, பார்சல். எங்கள் வட்டத்தில் ஒருவர், கிளம்புகிற பையன் கையில் டேப் ஒட்டிய ஒரு பெட்டியைக் கொடுத்து, "கொச்சியில என் மச்சான் வந்து வாங்கிப்பான்" என்றார். உள்ளே என்ன என்று சொல்லவில்லை. பையன் மறுக்கத் தெரியாமல் நின்றான். என் கணவர் பெட்டியை வாங்கி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அதிலிருந்து அவருக்கும் எங்களுக்கும் பேச்சு இல்லை, நஷ்டமும் இல்லை. நாங்கள் கொடுப்பது கையில் அடங்குகிற பொருள்தான், அதுவும் பிரித்துக் காட்டி: கோடாலித் தைலம், பேரீச்சம்பழம், கொஞ்சம் லுபான். லுபான் என்பது இந்த மலைகளின் மரத்தில் வடிகிற குந்திரிக்கம். அம்மாவுக்குச் சாமி அறையில் போட என்று கேட்டு வாங்கிப் போவார்கள்.

பெண்களும் வருகிறார்கள். 2022-ல் ஒரு பெண் அதிகாரி, கோயம்புத்தூர்க்காரர், வந்ததும் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. நாப்கினும் உள்ளாடையும் வாங்க வேண்டும், கூட ஒரு பெண் வந்தால் நல்லது என்றார். கடைக்குப் போனோம், வாங்கினோம், முடிந்தது. வாடகைக் கார்க்காரரிடமும் கூட வந்த ஆண்களிடமும் இதைச் சொல்ல முடியாமல் அன்று காலை முழுக்கச் சுற்றியிருக்கிறார். இப்போது கடைச் சாமான் பட்டியல் வாங்கும்போதே பெண்கள் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ஓமானி, எழுபது வயது தாண்டியவர். முதல் தடவை இவ்வளவு பையன்களைப் பார்த்து யார் என்று விசாரித்தார். சொன்னதும் உள்ளே போனவர், வெள்ளித் தட்டில் அல்வாவும் கஹ்வா (அரபுக் காபி) கூஜாவுமாக வந்துவிட்டார். சின்னக் கோப்பை காலியாக ஆக அவர் ஊற்றிக்கொண்டே இருப்பார். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும், இது இங்கே வழக்கம். பையன்களுக்குத் தெரியாது. ஒருவன் மரியாதைக்காக ஒன்பது கோப்பை குடித்துவிட்டு அன்று தூங்கவே இல்லை. இப்போது காரில் வரும்போதே இந்தப் பாடத்தை நடத்திவிடுகிறோம். 2018 மே மாதம் மெகுனு புயல் சலாலாவைப் புரட்டிப்போட்டபோது கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், அந்தப் பாய்கள் எல்லாம் போயின. புதுப் பாய்களை அவர்தான் வாங்கிக் கொடுத்தார், "உங்கள் கடல்காரப் பிள்ளைகளுக்கு" என்று. அதே புயலில் சொகோத்ரா தீவில் மாட்டிக்கொண்ட இந்தியர்கள் 38 பேரை ஐ.என்.எஸ். சுனைனா கப்பல்தான் ஜூனில் போய் ஏற்றிக்கொண்டு போர்பந்தரில் இறக்கியது. செய்தியைப் படித்துக் காட்டினேன், கப்பல் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

இத்தனை வருடத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கு வைக்கவில்லை. ஊருக்குப் போய்ப் போன் செய்கிறவர்கள் ஐந்தாறு பேர். மற்றவர்கள் செய்வதில்லை. என் மாமியாருக்கு அதில் வருத்தம், "சோறு போட்டோமே, ஒரு வார்த்தை?" என்பார். மாற்றலாகி, கல்யாணமாகி, வேறு கப்பல் ஏறிப் போயிருப்பார்கள். பழைய ரயில் சிநேகிதம் போலத்தான் இதுவும்.

இப்போது கப்பல் வருகிற சேதியை என் கணவர் போனில் விவரமாகச் சொல்வதில்லை. "அரிசியை ஊறப்போடு" என்பார், அவ்வளவுதான். போன மாதமும் சொன்னார். நான்கு படி அரிசி ஊறவைத்து, உளுந்து ஆட்டி, பெரிய அண்டாவில் கரைத்து வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. ஒன்பது மணிக்கு அவர் அழைத்தார்: "வரல. ஆர்டர் கேன்சல்." ஏன் என்று நான் கேட்கவில்லை. முதல் நாள் இட்லி, சேச்சி வீட்டுக்கும் சேர்த்து. இரண்டாம் நாள் தோசை. மூன்றாம் நாள் வெங்காயம் போட்டுப் பணியாரம். நான்காம் நாள் புளித்துப்போன மாவை வீட்டுக்காரர் வீட்டில் ஊத்தப்பமாக ஊற்றிக் கொடுத்தேன். அவர் ஒன்று சாப்பிட்டுவிட்டு, மெதுவாகக் கோப்பையை ஆட்டிக் காட்டினார்.